பதிவேட்டில் ஏறாத கதைகள்

(சங்கத்தின் மாதாந்திர வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஹங்கேரி நாட்டுக் கதைகள் சிலவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆங்கில மொழிபெயர்ப்புகளை, மெட்ரிக் படிப்பு தந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் போட்டுப் படித்தவை இவை. ஆகவே பேராசிரியர்களின் ஆராய்ச்சி உரையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ரயில்வே ஆபீசில் பதிவேடு எழுதிப் பிழைக்கிறவர்கள் நாம். பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் என்ன நடக்கும், ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தொழில் அறிவோடு படித்தபோது விளங்கிய ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

அது இதுதான்: ஒரு சிறுபான்மை மக்களை ஒதுக்கி வைக்கும் காரியம் தெருச் சண்டையில் தொடங்குவது அபூர்வம். அது ஒரு மேசையில், ஒரு பாரத்தில், ஒரு பட்டியலில் தொடங்குகிறது. எழுதுகிறவன் கொடியவனாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் சாதாரணக் குமாஸ்தாவாக இருந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு போதும் ஏறாத செய்தி ஒன்று உண்டு. பெயருக்கு உரிய மனிதனின் உள்ளே என்ன நடந்தது என்பதே அது. ஹங்கேரியில் அதைக் கதைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹங்கேரி ஐரோப்பாவின் நடுவில் உள்ள நாடு. மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. சுற்றியுள்ள எந்த நாட்டு மொழியோடும் அவர்கள் மொழிக்கு உறவு இல்லை. குடும்பப் பெயரை முன்னாலும் சொந்தப் பெயரைப் பின்னாலும் சொல்வது அவர்கள் வழக்கம். இங்கே வரும் பெயர்களை அவர்கள் சொல்லும் முறையிலேயே சொல்கிறோம்.

கதையில் இடம் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை

முதல் உலகப் போருக்கு முன் ஹங்கேரி அரசு மிகப் பெரிய நிலப்பரப்பை ஆண்டது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஹங்கேரிய மொழி பேசியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேரே. மற்றவர்கள் ஸ்லோவாக்கியர், ருமேனியர், ஜெர்மானியர், செர்பியர், குரோவாசியர், ருத்தேனியர். 1868இல் ஒரு சட்டம் வந்தது. சிறுபான்மையினர் தங்கள் மொழியைப் பள்ளியிலும் ஊர் நிர்வாகத்திலும் பயன்படுத்தலாம் என்றது அந்தச் சட்டம். காகிதத்தில் நல்ல சட்டம். நடந்ததோ வேறு. 1874லும் 1875லும் ஸ்லோவாக்கிய மொழியில் நடந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளையும் அரசு மூடியது. அவர்களுடைய பண்பாட்டுக் கழகமான மாத்திட்சா 1875இல் கலைக்கப்பட்டது. 1879இல் தொடக்கப் பள்ளிகளில் ஹங்கேரிய மொழி கட்டாயமாயிற்று.

இதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1881இல், மிக்சாத் கால்மான் என்ற எழுத்தாளரின் கதைத் தொகுதி ஒன்று வந்தது. மலையில் ஆடு மேய்க்கும் ஸ்லோவாக்கிய மக்களைப் பற்றிய கதைகள். 1847இல் அந்தப் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். அந்த மக்களை அருகிலிருந்து பார்த்தவர். மேய்ப்பனின் மௌனம், அவன் மானம், அவன் துயரம் எல்லாவற்றையும் அன்போடு எழுதினார். புத்தகம் புகழ் பெற்றது. புடாபெஸ்ட் நகரத்துச் சீமான்கள் படித்து உருகினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த மேய்ப்பனின் பிள்ளை தாய்மொழியில் உயர்நிலைப் படிப்புப் படிக்க ஒரு பள்ளியும் இல்லாத காலத்தில், அவன் தகப்பனைப் பற்றிய கதை தலைநகரத்தில் கொண்டாடப்பட்டது. மிக்சாத்தை நாம் குறை கூறவில்லை. அவர் எழுதாவிட்டால் அந்த முகங்கள் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனாலும் 1887 முதல் அவர் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக உட்கார்ந்திருந்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு மக்களைக் கதையில் நேசிப்பது வேறு, அவர்கள் உரிமைக்குக் கை தூக்குவது வேறு. 1907இல் இன்னும் கடுமையான பள்ளிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் செர்னோவா என்ற ஸ்லோவாக்கியக் கிராமத்தில் கோயில் திறப்புத் தகராறில் போலீசார் சுட்டு 15 பேர் இறந்தார்கள்.

1920 என்ற ஆண்டின் இரண்டு பக்கங்கள்

போரில் ஹங்கேரி தோற்றது. 1920 ஜூன் 4ஆம் நாள் திரியனோன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் போயிற்று. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர்கள், வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே வேற்று நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். நேற்று வரை பெரும்பான்மை, இன்று முதல் சிறுபான்மை. பறிபோன பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் தங்க இடமின்றிக் குடும்பத்தோடு சரக்கு வேகன்களிலேயே குடியிருந்தார்கள். ஸ்டேஷன் யார்டில், குளிரில், வேகனுக்குள் அடுப்பு மூட்டி மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு 'வேகன்வாசிகள்' என்றே பெயர் உண்டாயிற்று. யார்டில் வேலை பார்த்த தோழர்களுக்கு அந்தக் குளிரும் இரும்பும் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால் நின்றுபோன ஹங்கேரியர்களின் கதையை எழுதியவர்களில் ஒருவர் போதோர் ஆதாம். 1936இல் ருமேனியாவுக்குச் சென்றுவிட்ட கொலோஷ்வார் நகரில் பிறந்தவர். பள்ளி மாணவனாக இருக்கும்போதே அரசியல் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றவர். 1959இல் அந்நகரத்து ஹங்கேரியப் பல்கலைக்கழகம் ருமேனியப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தனி நிறுவனமாக இல்லாமல் போயிற்று. 1875இல் ஸ்லோவாக்கியருக்கு நடந்தது இப்போது ஹங்கேரியருக்கே நடந்தது. 1982இல் அவர் ஹங்கேரிக்குக் குடிபெயர்ந்தார்.

1992இல் வந்த அவருடைய 'சினிஸ்த்ரா வட்டாரம்' தனித்தனிக் கதைகளாகவும் படிக்கக்கூடிய அத்தியாயங்கள் கொண்ட புத்தகம். ராணுவம் ஆளும் ஒரு மலைப்பகுதி. ஹங்கேரியப் பெயர், ருமேனியப் பெயர், உக்ரைனியப் பெயர், ஆர்மேனியப் பெயர் எல்லாம் கலந்து கிடக்கும் ஊர். வளர்ப்பு மகனைத் தேடிக்கொண்டு ஒருவன் அங்கே வருகிறான். அவன் சொந்தப் பெயர் அங்கே செல்லாது. அதிகாரி வேறொரு பெயரைக் கொடுத்து, அதைத் தகட்டில் பொறித்துக் கழுத்தில் மாட்டிவிடுகிறார். அன்று முதல் அவன் அந்தப் பெயர்க்காரன். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. தகடு கழுத்தில் தொங்குகிறது, அவன் வேலைக்குப் போகிறான். பெயரைப் பிடுங்குவது எவ்வளவு சாதாரண ஆபீஸ் காரியமாக நடக்கிறது என்பதுதான் அந்தக் கதையின் பயங்கரம்.

இது 1920இன் ஒரு பக்கம். நிற்க, மறுபக்கத்தைப் பார்ப்போம்.

அதே 1920இல், உடன்படிக்கை கையெழுத்தான சில மாதங்களில், ஹங்கேரி நாடாளுமன்றம் 25ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் இனத்தாருக்கும் மக்கள்தொகை விகிதப்படியே இடம் என்றது சட்டம். கேட்பதற்கு நியாயம் போல் இருக்கிறது அல்லவா? அந்தச் சட்டத்தில் 'யூதர்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் அமல்படுத்தும் விதிகளில் யூதர்களைத் தனி இனமாகக் கணக்கிட்டு, நூற்றுக்கு ஆறு பேர் என்று கதவைச் சாத்தினார்கள். சட்டத்தைப் படித்தால் குற்றம் தெரியாது. அட்டவணையைப் படித்தால்தான் தெரியும்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். வேகனில் குடியிருந்த வேதனையை அறிந்த ஒரு சமுதாயம், அதே ஆண்டில் இன்னொரு மக்களுக்குக் கதவைச் சாத்தியது. அடிபட்டவன் இன்னொருவனை அடிக்க மாட்டான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சரித்திரம் அப்படி உத்தரவாதம் எதுவும் தரவில்லை.

மண்வெட்டி தூக்கிய மனிதர்கள்

1938, 1939, 1941 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று யூதர் சட்டங்கள் வந்தன. முதலாவது, படித்தவர் செய்யும் தொழில்களில் யூதர்கள் நூற்றுக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்றது. இரண்டாவது, அதை ஆறாகக் குறைத்தது. மூன்றாவது, கலப்புத் திருமணத்தைத் தடுத்தது. 1939 முதல் யூத இளைஞர்களுக்குப் பட்டாளத்தில் துப்பாக்கி கிடையாது. கையில் பட்டை கட்டி, மண்வெட்டி கொடுத்து, கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தார்கள். போர்முனையில் குழி வெட்டவும் கண்ணிவெடி அகற்றவும் அவர்களை அனுப்பினார்கள்.

கெல்லேரி ஆண்டோர் எந்த்ரே என்ற சிறுகதை ஆசிரியரை நம் சங்கத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1906இல் புடாபெஸ்ட் நகரத்துத் தொழிலாளர் வட்டாரத்தில் பிறந்தவர். சலவை ஆலை, சாயப்பட்டறை, பாரம் தூக்குவோர், வேலை தேடி அலைவோர் இவையே அவர் கதைகளின் உலகம். சலவை ஆலையின் நீராவியும் சோடாவும் கலந்த மூச்சுமுட்டலை அனுபவித்து எழுதியவர். அவர் கதைகளில் மனிதன் உழைப்பாளியாக வருகிறான். பசி உள்ளவனாக வருகிறான். அரசாங்கப் பட்டியலோ அவரை யூதன் என்ற ஒரே சொல்லில் எழுதியது. கட்டாய உழைப்புக்கும் பிறகு மௌத்தௌசன் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார். 1945 மே மாதம் முகாம் விடுவிக்கப்பட்ட சில நாட்களில் ஆஸ்திரியாவில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 39.

இன்னொருவர் எர்கேனி இஸ்த்வான். 1912இல் பிறந்தவர். மருந்தியலும் ரசாயனப் பொறியியலும் படித்தவர். அவரும் உழைப்புப் படையில் டான் நதிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1943இல் ஹங்கேரியப் படை சிதறியபோது சோவியத் படையிடம் சிக்கி, 1946 வரை போர்க்கைதி முகாமில் இருந்தார். பிற்காலத்தில் 'ஒரு நிமிடக் கதைகள்' என்ற புதுவகைக் கதைகளை எழுதினார். 1968இல் அவை தொகுதியாக வந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடலாம். மறக்கத்தான் முடியாது.

அதில் ஒரு கதை. டாக்டர் கே.எச்.ஜி. என்பவரின் நினைவுக்காக என்று தலைப்பு. மூன்று எழுத்துக்கள்தான், முழுப் பெயர்கூட இல்லை. படித்த மனிதர் ஒருவர், செத்துப்போன குதிரையைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். மேலே ஜெர்மன் காவலன் நிற்கிறான். இவர் ஜெர்மன் மொழிப் பெருங்கவிஞர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, தெரியுமா என்று அவனை விசாரிக்கிறார். விளக்கம் சொல்வதில் அவருக்கு ஆசை. தன் நாட்டுக் கவிஞர்களின் பெயரே தெரியாமல் அவன் விழிக்கிறான். அப்புறம் ஓரிருவர் பெயர் தெரியும் என்கிறான். முகம் சிவந்துபோகிறது. அவரைச் சுட்டுவிடுகிறான். கதை முடிந்தது. ஒரு பக்கம்கூட இல்லை.

இந்தக் கதையை நாம் பல தடவை படித்தோம். வேற்று மண்ணில் பிழைக்கிற எந்தக் குடும்பத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு. 'அவர்கள் மொழியை அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டால் நம்மை ஏற்றுக்கொள்வார்கள்' என்பதே அது. கற்றுக்கொள்ள வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று ஏற்கனவே எழுதி முடித்துவிட்ட இடத்தில், படிப்பு கேடயமாக நிற்காது என்று எர்கேனி சொல்கிறார். குழிக்குள் நிற்கிறவன் தன்னைவிட அறிந்தவன் என்பதைக் காவலனால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு உரிமைக்கும் குரல் கொடுத்தாக வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

ஐம்பத்தாறு நாட்கள்

இனிச் சொல்லப்போவது ரயில்வேக்காரர்களாகிய நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது.

1944 மார்ச் 19ஆம் நாள் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. ஏப்ரல் 5 முதல் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மே 15 முதல் ஜூலை 9 வரை 56 நாட்களில் சுமார் 4,37,000 யூதர்கள் ரயிலில் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் கொண்டுபோகப்பட்ட இடம் ஆஷ்விட்ஸ். அவர்களில் மிகப் பலர் வந்து இறங்கிய அன்றே விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்குச் சராசரி 7,800 பேர். சரக்கு வேகன் ஒன்றுக்கு 70, 80 பேர். தண்ணீருக்கு ஒரு வாளி, மலஜலத்துக்கு ஒரு வாளி. வெளியிலிருந்து சீல். இதை நடத்த ஐக்மன் என்ற நாஜி அதிகாரி கொண்டு வந்த ஆட்கள் இருநூறு பேர் அளவுக்கே இருந்தார்கள். மற்ற வேலையையெல்லாம் ஹங்கேரி நாட்டு நிர்வாகமும் கிராமப் போலீசும் ரயில்வேயும் செய்து கொடுத்தன. அன்று கஷ்ஷா என்றும் இன்று கோஷித்சே என்றும் அழைக்கப்படும் ஜங்ஷனில் காவல் ஜெர்மானியர் கைக்கு மாறியது.

ஒரு ரேக் கிளம்ப எத்தனை கை வேண்டும் என்பது நமக்குத் தெரியும். வேகன் வேண்டும் என்று ஒருவன் எழுத வேண்டும். ஒருவன் ஒதுக்க வேண்டும். ஷண்டிங் பார்க்க வேண்டும். எண்ணிக்கை எழுத வேண்டும். வழி விட வேண்டும். நிலக்கரி போட வேண்டும். சிக்னல் இறக்க வேண்டும். அத்தனை பேரும் டியூட்டியில் இருந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். பேனா பிடித்துப் பிழைக்கிற எவனுக்கும் இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.

மறுபடியும் ஒரு ரயில்

அந்த ரயில்களில் ஒன்றில் 14 வயதுப் பையன் ஒருவன் போனான். கெர்தேஸ் இம்ரே. ஆஷ்விட்ஸிலும் பூகன்வால்டிலும் இருந்து உயிரோடு திரும்பினான். 1975இல் 'விதியற்ற நிலை' என்ற நாவலை எழுதினார். 2002இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஹங்கேரியர் ஆனார். 2016இல் மறைந்தார். அந்த நாவலில் எல்லையில் நிற்கும் வேகனுக்குள்ளிருந்து தண்ணீர் கேட்கிறார்கள். வெளியே நிற்கும் போலீஸ்காரன், கையிலிருக்கும் நகை நட்டைக் கொடுத்தால் பார்க்கலாம் என்கிறான். ஹங்கேரியர் என்று தங்களை எண்ணி வாழ்ந்தவர்களுக்குத் தாய்நாடு சொன்ன கடைசி வார்த்தை அது.

ஆனால் இன்று நாம் சொல்ல வந்தது அவருடைய ஒரு சிறுகதை. பெயர் 'வாக்குமூலப் பதிவு'. ஆண்டு 1991. கம்யூனிஸ்ட் ஆட்சி போய், எல்லை திறந்து, சுதந்திரம் வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருந்த காலம். வயதான எழுத்தாளர் ஒருவர் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் போகிறார். எல்லை ஸ்டேஷனில் சுங்க அதிகாரி ஏறுகிறார். எவ்வளவு அந்நியப் பணம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் சொன்ன தொகைக்கும் பையில் இருந்த தொகைக்கும் வித்தியாசம். அனுமதித்ததைவிடச் சில ஆயிரம் ஷில்லிங் அதிகம். பணம் பறிமுதல். பாரம் நிரப்பப்படுகிறது. ரயிலை விட்டு இறங்கச் சொல்கிறார்கள். எழுத்தாளர் வந்த வழியே திரும்புகிறார். நடந்தது இவ்வளவுதான்.

வேறு ஒருவருக்கு இது எரிச்சல் தரும் சம்பவம். நாலு நாள் திட்டிவிட்டு மறந்துபோவார். இந்த மனிதருக்கோ 47 ஆண்டுகள் ஒரே நொடியில் அழிந்துபோகின்றன. சீருடை, அதட்டல், சோதனை, 'இறங்கு' என்ற உத்தரவு, அதே நாட்டு ரயில். உள்ளே ஆறாதிருந்த புண் வாய் திறக்கிறது. அதிகாரி விதிப்படிதான் நடந்தார். அவர் பாரத்தில் தொகை சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும். ஆனால் அந்தப் பாரத்தில் இல்லாத அனைத்தையும் எழுதுவதற்காக இவர் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். கதைக்கு அந்தத் தலைப்பை வைத்ததன் பொருள் அதுதான். மனத்தில் பட்ட அடி என்பது அன்று அழுது தீர்வதல்ல. சட்டம் மாறும், கொடி மாறும், உடம்பு மறப்பதில்லை.

இதற்கு இன்னொரு பகுதியும் உண்டு. எஸ்தர்ஹாசி பேத்தர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், பழைய பிரபு குடும்பத்தவர், இந்தக் கதைக்குப் பதிலாக அதே வியன்னா ரயில் பயணத்தை வைத்து ஒரு கதை எழுதினார். இரண்டும் 1993இல் ஒரே புத்தகமாக வந்தன. துன்பப்பட்டவனுக்காகப் பேசுகிறேன் என்று அவர் மேடை ஏறவில்லை. அவன் கதையை முழுதாக இருக்கவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். மிக்சாத் காலத்து அன்புக்கும் இந்தத் தோழமைக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

கறுப்பு ரயில்

இதுவரை சொன்னவர்கள் பேனா பிடித்தவர்கள். ஹங்கேரியின் மிகப் பெரிய சிறுபான்மையினரோ, வெகுகாலம் பிறர் எழுதவே இருந்தவர்கள். ரோமா மக்கள், ஜிப்ஸிகள் என்று ஊரார் சொல்வார்கள். இவர்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். ரோமானி மொழி பேசும் வீட்டில் இன்றும் தண்ணீருக்குப் பெயர் 'பானி'. இந்த ஊர்க் குழாயடியில் தினமும் நம் தாய்மார்கள் கேட்கும் அதே சொல்!

18ஆம் நூற்றாண்டில் மரியா தெரேசா என்ற அரசி இவர்களுக்குப் 'புதிய ஹங்கேரியர்' என்று பெயர் மாற்றினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியானவர் வீடுகளில் வளர்க்க உத்தரவிட்டார். முன்னேற்றத் திட்டம் என்று ஏட்டில் எழுதப்பட்டது. தாய் எழுதிய ஏடு இல்லை. 1944 இலையுதிர் காலத்தில் ரோமா மக்கள் கொமாரோம் கோட்டையில் அடைக்கப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போருக்குப் பின் தொழிற்சாலைகள் பெருகியபோது, கிழக்கு மாவட்டங்களிலிருந்து புடாபெஸ்டுக்கு வாரா வாரம் தொழிலாளர்களைச் சுமந்து வந்த ரயில்களைக் 'கறுப்பு ரயில்' என்று அழைத்தார்கள். அதில் ரோமா தொழிலாளர் பலர். வாரம் முழுதும் விடுதியில், சனிக்கிழமை வீட்டுக்கு. 1970இல் ஷிஃபர் பால் என்பவர் இதை ஆவணப் படமாகவே எடுத்தார். 1989க்குப் பின் ஆலைகள் மூடியபோது முதலில் வேலை இழந்தவர்களும் இவர்களே.

1975இல், கெர்தேஸின் நாவல் வந்த அதே ஆண்டில், லகாதோஷ் மென்யேர்த் என்ற ரோமா எழுத்தாளரின் 'புகை படிந்த படங்கள்' என்ற நாவல் வந்தது. 'ஜிப்ஸி பாரிஸ்' என்று கேலிப்பெயர் கொண்ட சேரியிலிருந்து பள்ளிக்குப் போகும் பையனின் வாழ்க்கை அது. அடுத்த ஆண்டு, 1976இல், சலோக் ஷோல்த் என்ற எழுத்தாளர் 'ஒன்பது ஜிப்ஸிகள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒன்பது பேர் தம் வாயால் சொன்னதை வைத்து ஆக்கிய ஒன்பது சிறு வாழ்க்கைக் கதைகள். அதுவரை புள்ளிவிவரமாக இருந்தவர்கள் அங்கே பேச ஆரம்பித்தார்கள்.

இன்று எல்லாம் சரியாகிவிட்டதா? 1993ஆம் ஆண்டுச் சட்டம் ரோமா உட்பட 13 சிறுபான்மையினரை அங்கீகரித்தது. ஆயினும் 2008, 2009 ஆண்டுகளில் ரோமா வீடுகளைக் குறிவைத்து நடந்த தொடர் தாக்குதல்களில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். தாதார்சென்ட்ஜியோர்ஜி என்ற கிராமத்தில் எரியும் வீட்டிலிருந்து ஓடிவந்த தகப்பனும் சிறு மகனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2013இல் நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதே 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தவறாகக் குறித்து ரோமா பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பியது உரிமை மீறல் என்பதே அத்தீர்ப்பு. துப்பாக்கி ஒரு பக்கம். பரிட்சைத்தாளில் போட்ட மதிப்பெண் மறுபக்கம். பிள்ளையின் வாழ்க்கையை மூட இரண்டாவதே போதுமானது.

மேசையின் எந்தப் பக்கம்?

தோழர்களே! நம் கஷ்டத்தையும் இவர்கள் பட்ட பாட்டையும் ஒரே தராசில் வைக்க வரவில்லை. அப்படி வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் பாரத்தின் முன் நிற்கும் அனுபவம் நமக்கு உண்டு. எந்த ஊர், எந்த மொழி, எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்கப்பட்டுப் பதில் சொல்லி நின்றவர்கள் நாம். ஆகவே எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும், எந்த விண்ணப்பம் வந்தாலும், தலைப்பை மட்டும் பார்க்காமல் அட்டவணையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் படித்துச் சொல்ல ஆள் உண்டு.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. நம்மில் பலர் மேசைக்கு மறுபக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறோம். டிக்கெட் கவுண்டரில், ஆஸ்பத்திரி வாசலில், பள்ளி அலுவலகத்தில், கான்டிராக்டர் மஸ்டர் ரோலில் பெயர் எழுதுகிறவர்கள் நாம். நமக்குப் பின்னால் பிழைப்புத் தேடி வந்து நம் தெருவுக்கு அப்பால் குடிசை போட்டவர்களை நம் வீடுகளில் என்ன பெயரால் அழைக்கிறோம்? அவர்கள் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் நம் முகம் எப்படி மாறுகிறது? 1920இன் ஹங்கேரியை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு தடவை நிமிர்ந்து எதிரே நிற்பவன் முகத்தைப் பார்ப்பது பெரிய புரட்சி இல்லை. அதற்கு மேலிடத்து உத்தரவும் தேவையில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வாழ்க்கையை வேறு யாரோ அன்போடு எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதன்முதலில் இந்த ஊரில் இறங்கிய நாளை, வாடகைக்கு வீடு மறுக்கப்பட்ட நாளை, வீடு கொடுத்த நல்லவரின் பெயரை, பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். எழுத்துப் பிழை பரவாயில்லை. ஒரு பக்கம் போதும். எர்கேனிக்கு ஒரு பக்கம்கூட வேண்டியிருக்கவில்லை. மாதா மாதம் ஒன்று நம் இதழில் அச்சாகும். ஆபீஸ் பதிவேடு ஆபீசில் இருக்கட்டும். நம் பதிவேட்டை நாமே எழுதுவோம்.